வலிக்க வேண்டிய தோள்

வலி குறைந்துதான் இருந்தது. அதுதான் சங்கடம்.

அவள் சுவரைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் நின்று ஜெபக்கனி கழுத்திலிருந்து தோள் வரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தாள். பிராவின் பட்டை பதிந்து பதிந்து இரண்டு தோளிலும் பள்ளம் விழுந்திருந்தது. அந்த இடம் வந்ததும் மட்டும் விரலை லேசாக்கிக்கொள்வாள்.

“எப்படி இருக்கு டீச்சர்?”

“அப்படியேதான் இருக்கு.”

ஒவ்வொரு முறையும் இதே பதில்தான். முதல் இரண்டு மாதம் அது உண்மை.

பிறகு பொய்.

மார்பைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சைக்கு டாக்டர் சம்மதித்துவிட்டார். காப்பீட்டுக்காரர்கள்தான் பிடி கொடுக்கவில்லை. அழகுக்காகச் செய்துகொள்வதற்கெல்லாம் தர முடியாது என்றார்கள். வலிக்காக என்றால், ஆறு மாதம் பிசியோதெரபி செய்து பார்த்தும் பலன் இல்லை என்று எழுதி வாங்கி வரவேண்டும். அவர்கள் தராவிட்டால் சொந்தக் காசில் செய்துகொள்ள அவளுக்கு வழியில்லை.

பலன் இருக்கக் கூடாது. அதுதான் தகுதி.

பாளையங்கோட்டையில் எத்தனையோ பிசியோதெரபிஸ்டுகள் இருக்க, அவள் தேடி வந்தது படிப்பை முடித்து அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்த இந்தச் சின்னப் பெண்ணை. அனுபவம் இல்லாதவள் என்பதால்தான் வந்தாள். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

வந்த இடத்தில் ஜெபக்கனி கைராசிக்காரியாக இருந்து தொலைத்தாள்.

வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சி ஒன்றைக்கூட அவள் செய்யவில்லை. அப்படியும் வலி குறைந்தது. குறையவில்லை என்று அவள் சொல்லச் சொல்ல, ஜெபக்கனி தன் கல்லூரி மேடத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். சாப்பாட்டு நேரத்தையும் இவளுக்கே கொடுத்தாள்.

உண்மையைச் சொல்லிவிட்டுக் கடிதத்தைக் கேட்டுப் பார்க்கலாம். ஜெபக்கனி எழுத மாட்டாள். பொய் எழுதத் தெரிந்த பெண் இல்லை அவள்.

குறையாதது வேறு. கரும்பலகையில் எழுதப் பக்கவாட்டில் திரும்பினால் கடைசி பெஞ்சில் கிளம்பும் சிரிப்பு. பரீட்சைப் பேப்பர் கட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எதையாவது மார்போடு அணைத்துக்கொண்டே வராந்தாவில் நடப்பது. அவள் முகத்தைப் பார்த்துப் பேசுகிற கண்டக்டர் இந்த ஊரில் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

இதையெல்லாம் எழுதிக் கொடுத்தால் யாரும் ஏற்கமாட்டார்கள். தோள் வலித்தால்தான் ஏற்பார்கள்.

வலித்துத் தொலையேன் என்று தன் தோளையே திட்டியிருக்கிறாள்.

இன்று கடைசி நாள். கடிதம் வாங்க வேண்டிய நாள்.

“உங்களுக்காக சர்ச்சுல சொல்லிருக்கேன் டீச்சர்,” என்றாள் ஜெபக்கனி. “பெண்கள் ஐக்கிய சங்கத்துல எல்லாரும் ஜெபம் பண்ணுதாங்க, கத்தி படாம சரியாயிரணும்னு. எங்கம்மா ஒருநாள் உபவாசமே இருந்தாங்க.”

முகம் தெரியாத அத்தனை பெண்கள் அவள் தோளுக்காக முழங்காலிட்டிருக்கிறார்கள். யாரோ ஒரு அம்மா பட்டினி கிடந்திருக்கிறாள். இவளோ பிள்ளையார் கோவிலில் நின்று அதற்கு நேர் எதிராக வேண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது நல்லதாகப் போயிற்று.

“கையத் தூக்குங்க டீச்சர், பாப்போம்.”

தூக்கினாள். வழக்கமாகத் தோள் உயரத்தில் நிறுத்தி முகத்தைச் சுளிப்பாள். இன்று அந்த அம்மாவையே நினைத்துக்கொண்டிருந்ததில் மறந்துபோனாள்.

கை காதைத் தொட்டுக்கொண்டு நேராக மேலே நின்றது.

ஜெபக்கனி முன்னால் ஓடி வந்தாள்.

“ஸ்தோத்திரம்! டீச்சர், உங்க கையப் பாருங்க! ஆபரேஷனே வேண்டாம் டீச்சர்!”

அவள் கையைப் பார்க்கவில்லை. ஜெபக்கனியின் முகத்தைப் பார்த்தாள். எப்போதும் தப்பாகவே போடுகிற பிள்ளை ஒரு கணக்கைத் தானாகப் போட்டு விடை சரியாக வந்ததும் நிமிர்ந்து பார்க்குமே, அந்த முகம். அதைப் பார்க்கத்தான் அவள் டீச்சர் வேலைக்கே வந்தாள்.

இப்படியே இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

“ஆ,” என்றாள். கையைக் கீழே போட்டாள். “அம்மா… வலிக்குது.”

ஜெபக்கனியின் சிரிப்பு போய்விட்டது.

“மன்னிச்சிருங்க டீச்சர். நான்தான் அவசரப்பட்டுத் தூக்க வச்சுட்டேன்.”

வலிக்காத இடத்தை வெகு நேரம் தடவிக் கொடுத்தாள்.

பிறகு மேசைக்குப் போய் எழுதினாள். இரண்டு வரிதான். எழுத நேரம் பிடித்தது. சிகிச்சையால் பலன் இல்லை என்று முடித்து, கீழே தன் பெயரைப் போட்டு, முத்திரை குத்தி நீட்டினாள்.

அவள் வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான், எழுந்து போய்விடலாம்.

“போறதுக்கு முந்தி ஒரு ஜெபம் பண்ணட்டுமா டீச்சர்?”

வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜெபக்கனி கண்ணை மூடி, இரண்டு கைகளையும் அவள் தோளில் வைத்தாள். ஆபரேஷன் நல்லபடியாக நடக்கவேண்டும் என்றாள். டாக்டரின் கைகளை ஆசீர்வதிக்கும்படி கேட்டாள். பிறகு குரல் இறங்கியது.

என் கை போதவில்லை ஆண்டவரே என்றாள். இனி வருகிறவர்களுக்காவது என் கையை…

“ஆமென்,” என்றாள் அவள்.

ஜெபம் இன்னும் முடிந்திருக்கவில்லை.