அணையாத அடுப்பு

அடுப்பின் முன் நிற்பவரின் கவனம் சிதறினால் தீ தானே அணைந்துவிடும். எண்ணெய்ச் சட்டி தீப்பற்றி மகன் ஜோயல் இறந்த பிறகு அருள்தாஸ் வடிவமைத்த கருவி அது. முதல் கருவியைத் தன் வீட்டிலேயே பொருத்தினான்.

மழை வருகிறதென்று மாடியில் துணி எடுக்கப் போய், அன்று சட்டியை மறந்தவள் அவன் மனைவி ரெஜினா. இப்போது அவள் உலை வைத்தாலே பிள்ளையின் நினைப்பு வரும், தீ அணையும். "மறுபடியுமா?" என்று ஹாலிலிருந்து அருள்தாஸின் குரல் வரும். பல நாள் அரைவேக்காட்டுச் சோறுதான்.

இன்று சோறு வெந்து, குழம்பும் கொதித்து இறங்கியது. அருள்தாஸ் ஓடிவந்தான்.

"பாத்தியா? ஒரு தடவகூட அணையல!"

ரெஜினா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஆமா. ஒரு தடவகூட ஜோயல நெனைக்கல."