தாழங்காட்டு நத்தை

உலகத்திலேயே அந்த மூன்று மைல் கடற்கரைத் தாழங்காட்டில் மட்டும் வாழ்ந்த நத்தை அது. துறைமுகத்துக்காகக் காட்டை அழிக்கக் கூடாதென்றால், நத்தை இன்னும் இருப்பதற்கு ஆதாரமாக அதன் உடல் வேண்டும், படம் செல்லாது என்றது நீதிமன்றம். ஆராய்ச்சியாளர் மரகதவல்லி பதினொரு நாள் தேடியதில் ஒன்றே ஒன்று கிடைத்தது. கூடத் தேடிய, ஆடு மேய்க்கும் சில்வம்மாள், “இதையும் கொன்னுட்டு எதக் காப்பாத்தப் போறிய?” என்றாள்.

“காட்டையாவது,” என்றாள் மரகதவல்லி. உள்ளங்கையில் நத்தை கொம்பு நீட்டி முழுதாக வெளியே வரும்வரை காத்திருந்து, ஸ்பிரிட் பாட்டிலில் போட்டாள்.

காடு பிழைத்தது. நத்தைப் படத்தோடு அறிவிப்புப் பலகையும் வந்தது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் இருவரும் குனிந்து தாழை மடல்களை விலக்கிப் பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் ஆடுகளை விடுவதைச் சில்வம்மாள் நிறுத்தி ஆறு வருஷமாகிறது.