மூன்று ரிங்குகளின் வெட்டு

யுத்தம் முடிந்த வருஷம் மயிலாப்பூர் மெக்கானிக் மாலை வகுப்பில் எனக்கும் இக்னேஷியஸுக்கும் சேர்த்து ஒரு சிறிய எஞ்சின் கொடுத்திருந்தார்கள். பிஸ்டனில் மூன்று ரிங்குகள். ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு. வெட்டுகள் மூன்று திசையில் நிற்க வேண்டும். ஒரே வரிசையில் நின்றால் அழுத்தம் கசிந்துவிடும். இக்னேஷியஸ் எப்போதும் ஒரே வரிசையில்தான் பூட்டுவான். அதனாலேயே சென்ற பரீட்சையில் இருவரும் தோற்றோம். ஆனி மாதம் அவன் அடையாறு முகத்துவாரத்தில் மூழ்கி இறந்தான்.

அடுத்த பரீட்சை வாரம், திங்களன்று நான் சரியாகப் பூட்டி, சிலிண்டரை மேலே இறக்கி முடுக்கினேன். செவ்வாயன்று திறந்தால், மூன்று வெட்டும் ஒரே வரிசை. திருத்திப் பூட்டினேன். புதனன்றும் அப்படியே.

வாத்தியார் ராஜநாயகம் சிரித்தார். "இன்னாப்பா, அவன் கை உனக்கு ஒட்டிக்கிச்சா? வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து தொறந்து பாப்பாரு. இந்த வாட்டியும் கோட்டை வுட்டா உன் பேரை அடிச்சிடுவாங்க."

என் கைமேல்தான் எனக்குச் சந்தேகம். வியாழனன்று ரிங்குகளைப் பூட்டாமல் மேசைமேல் பரப்பி வைத்தேன். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, மெதுவாகச் சொன்னேன்:

"டேய், ஒண்ணு வாசப் பக்கம், ஒண்ணு ஜன்னல் பக்கம், ஒண்ணு கடல் பக்கம்டா."

வெள்ளியன்று எஞ்சின் முழுதாகப் பூட்டியிருந்தது. அதிகாரி திறந்தார். வாசல், ஜன்னல், கடல்.

"பலே. யார் பூட்டினது?"

நான் என்று சொல்ல வாய் வரவில்லை.

"இக்னேஷியஸ், சார்."

பட்டியலில் அந்தப் பெயர் இன்னும் இருந்தது. தேடி டிக் போட்டார். பிறகு என் பெயரைப் படித்து, "நீ பூட்டினது எங்கே?" என்றார்.

மேசையில் வேறு எஞ்சின் இல்லை.