மூத்தார்

பள்ளிக்கூடச் சட்டை ஒன்றின் காலரைப் பாதி தைத்திருந்தபோது, நிழல் விழுந்ததே என்று தலையைத் தூக்கினாள். வாசலில் நின்றவரைப் பார்த்ததும் தையல் மெஷினின் பெடலில் அவள் கால் அப்படியே நின்றுவிட்டது.

அவர் இன்னும் வாய் திறக்கவில்லை. கசங்காத சட்டை. கையில் ஒரு பை ஆப்பிள்.

அவருக்குப் பின்னாலேயே மூச்சு வாங்கியபடி ஓனரம்மா ஏறி வந்தாள். மாடி அறைக்கு ஓர் ஆண் படியேறினால் போதும், ஓனரம்மாவின் மூட்டுவலி இருந்த இடம் தெரியாமல் பறந்துவிடும்.

"யாரும்மா இது?"

இந்த அறையில் நாளைக்கும் அவள் படுத்து எழுவாளா, இல்லை மெஷினோடு தெருவில் நிற்பாளா என்பது இந்த ஒரு பதிலில் இருந்தது.

"அவரோட அண்ணன்மா. என் மூத்தார்."

வந்தவர் அவளைப் பார்த்தார். ஓனரம்மாவைப் பார்த்தார். பிறகு அவசரமே இல்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

ஓனரம்மாவின் முகம் இளகிவிட்டது. அவளும் புருஷனைப் பறிகொடுத்தவள்தான். இடம் தேடிக் களைத்துப்போய் இவள் வந்து நின்ற அன்று, 'புருஷன் தவறிட்டார்' என்று கேட்டதுமே, 'என் பொண்ணு மாதிரி இரு' என்று கதவைத் திறந்துவிட்ட புண்ணியவதி.

"உட்காருங்க தம்பி. செத்தவரோட சனம் ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கலியேன்னு நானே கரிச்சுக் கொட்டிட்டிருந்தேன். இவ கையில ஒரு போட்டோகூடக் கொடுத்தனுப்பலியாமே? எங்க டைலரோட புருஷன் கறுப்பா சிவப்பான்னுகூட எனக்குத் தெரியாது. உங்க ஜாடைதானா?"

"அச்சு அசல் நான்தான்மா. எல்லாரும் அதையேதான் சொல்லுவாங்க."

"அப்ப லட்சணமாத்தான் இருந்திருக்கார்." ஓனரம்மா குரலைத் தாழ்த்தினாள். "என்னதான் வந்துச்சு அவருக்கு? ஊருக்கெல்லாம் துணி தைக்கிறவ, அதைக் கேட்டா மட்டும் வாயைத் தைச்சுக்குவா."

வந்தவர் ஆப்பிள் பையைப் பாதி தைத்த காலரின் மேலேயே வைத்தார்.

"அதை இவளே சொல்லட்டும்மா. கூட இருந்தவ இவதானே." அவள் பக்கம் திரும்பினார். "சொல்லு. எப்படிச் செத்தான்?"

"மாரடைப்பு."

"ம். மாரடைப்பு." முதல் தடவையாகக் கேட்பவரைப்போல அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். "நல்ல சாவு. இவளைக் கண்ணுக்குள்ள வெச்சுப் பார்த்துக்கிட்டான்மா. இல்லியா?"

இரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

தலையை ஆட்டினாள்.

ஓனரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தாள். நகத்தால் நெம்பி, வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினாள்.

"இந்த ரூமோட இன்னொரு சாவி. ஒத்தைப் பொம்பளை, உள்ள மயங்கிக் கிடந்தாக்கூட நாதி கிடையாது. குடும்பத்து மூத்தவர், உங்க கையில இருக்கட்டும். அப்பப்ப வந்து பாருங்க."

"வேண்டாம்மா." கெஞ்சலாகத்தான் வந்தது. "உங்ககிட்டயே இருக்கட்டும்."

"சும்மா இரு. பெரியவர் முன்னால என்ன எதிர்ப்பேச்சு? நல்ல சொந்தம் கிடைக்காம எத்தனை பேர் தவிக்கிறாங்க தெரியுமா?"

வந்தவர் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் நீட்டி, மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

"அடிக்கடி வர்றேன்மா."

குடும்பத்துக்காரர்கள் மனம்விட்டுப் பேசட்டும் என்று, போகும்போது ஓனரம்மாவே கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அவன் தாழ்ப்பாளைப் போட்டான்.

அவளுடைய வலது பக்கமாக வந்து நின்றான். இடது காது கேட்காது என்று இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. அதை அடித்து அடைத்த கை, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தது.

"கோர்ட்டுல நம்மளைப் பிரிச்சுத்தான் விட்டாங்க," என்றான் சிரித்தபடி. "நீ என்னைக் கொன்னே போட்டுட்டியே."

உண்மையைச் சொல்லிப் பார்க்காமல் இல்லை. விவாகரத்து ஆனவள் என்று சொன்ன வாசலெல்லாம், அந்தச் சொல் முடிவதற்குள் கதவைச் சாத்திக்கொண்டது. 'என்ன தப்பு பண்ணினியோ' என்று ஒருத்தி கேட்டாள். செத்த புருஷனுக்குக் கிடைத்த இடம், விட்டுவந்த புருஷனுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது ஒரு சத்தம் போட்டால் ஓனரம்மா ஓடி வருவாள். வந்ததும் கேட்கப்போகும் முதல் கேள்வி அவளுக்குத் தெரியும்.

அவன் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"செத்தவனுக்கு ஒரு வாய் சோறு போட மாட்டியா?"

கீழ்ப்படியிலிருந்து ஓனரம்மாவின் குரல் வந்தது. "டைலரு, மூத்தாரைச் சாப்பிட வெச்சுத்தான் அனுப்பணும். அரிசி இருக்கா?"

"இருக்கும்மா," என்றாள்.