ஒரே குடத்துத் தண்ணீர்

கல்யாணமாகி வந்த நாள் முதல் மருமகளுக்கு வயிறு சரியில்லை. தண்ணீரைச் சோதிக்க ஃபில்டர் விற்பவரை வரவழைத்தாள்.

"அதே குடத்துத் தண்ணியத்தான் நானும் குடிக்கிறேன், கல்லு மாதிரி இருக்கேனே!" என்று மாமியார் இரண்டு டம்ளரில் ஊற்றி வைத்தாள். "இது எனக்கு. அது மகாராணிக்கு."

ஃபில்டர்காரர் தன் சோதனைக் கருவியின் கம்பிகளை இரண்டிலும் இறக்கினார். மருமகளின் டம்ளர்த் தண்ணீர் மட்டும் கறுத்தது.

"பாத்தீங்களா அத்தை!"

"கரண்ட் குடுத்தா எந்தத் தண்ணியும் கறுக்கும்மா, அது எங்க வியாபார வித்தை," என்றார் அவர், முகம் வெளிறி. "ஆனா நான் இன்னும் சுவிட்சே போடலையே."

மருமகள் கம்பிகளை உருவிப் போட்டுவிட்டு மாமியாரின் டம்ளரைப் பிடுங்கினாள். வாயருகே கொண்டுபோவதற்குள் அந்தத் தண்ணீரும் கறுத்துவிட்டது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள் மாமியார். "இத்தனை நாளா அதத்தானே குடிச்சே? குடி."