சைக்கிளுக்கு மேலே மஞ்சள்

"மறுபடியும் கறுத்துப் போச்சே!" என்று பல்லைக் கடித்தான் லிஃப்ட் மெக்கானிக். பூசும்போது சுவரோடு சுவராக ஒட்டிப்போகிற மஞ்சள், காய்ந்ததும் தனியாகத் தெரிந்து இளித்தது. இது ஐந்தாவது தடவை.

சுவர் என்றால் நிஜச் சுவர் இல்லை. கூடத்தில் மாட்டியிருந்த படத்தில் உள்ள மஞ்சள் சுவர். அதில் ஒரு சிவப்பு சைக்கிள் சாய்ந்து நின்றது. இவர்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது மனைவியின் அக்கா அக்ரிலிக் பெயிண்ட்டில் வரைந்து கொடுத்த படம்.

அந்த அக்கா இன்று நாலு மணிக்கு வருகிறாள். அக்கா தங்கைக்குள் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது, போன வாரம்தான் ஒட்டிக்கொண்டார்கள். வந்ததும் செருப்பைக் கழற்றுகிறாளோ இல்லையோ, படத்துக்கு முன்னால் போய் நிற்பாள்.

"அந்தப் படத்தைத் துடைக்கிறது என் வேலை. நீங்க கிட்டயே போகாதீங்க" என்று மனைவி நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அவளும் காய்ந்த துணியால் தொட்டும் தொடாமலும்தான் துடைப்பாள். சண்டை போட்டாலும் அக்கா மேல் என்ன பாசம் என்று இவன் நினைத்துக்கொள்வான்.

காலையில் மனைவி வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போனதும், வருகிறவளுக்குப் படம் பளிச்சென்று இருக்கட்டுமே என்று ஈரத்துணியால் ஓர் இழுப்பு இழுத்தான். ஹேண்டில்பாருக்கு மேலே சட்டைப் பொத்தான் அளவு மஞ்சள், துணியோடு வந்துவிட்டது. உள்ளே இரண்டு கீறலோடு படத்தின் வெள்ளைக் கேன்வாஸ் தெரிந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

மகளின் வாட்டர் கலர் டப்பாவைத் திறந்து பார்த்தான். மற்ற கலரெல்லாம் அப்படியே இருக்க, மஞ்சள் மட்டும் அடிவரை தேய்ந்து கிடந்தது. "சூரியனா வரைஞ்சு தள்ளியிருக்கு கழுதை" என்று திட்டிவிட்டு, வேலைக்கு லீவு சொல்லி, பெயிண்ட் கடைக்கு ஓடினான். உலகத்தில் மஞ்சள் ஒன்றுதான் என்று நம்பியிருந்த ஆளுக்குக் கடைக்காரர் நாலு மஞ்சள் டியூப்பை எடுத்துக் கொடுத்தார்.

இப்போது அதே கடைக்காரரைப் போனில் பிடித்தான்.

"அண்ணே, காஞ்சா கறுக்குதுண்ணே!"

"அக்ரிலிக் அப்படித்தான் தம்பி. கொஞ்சம் வெள்ளை சேர்த்து வெளிறலா கலக்குங்க. முதல்ல ஒரு பேப்பர்ல பூசி, காய விட்டுப் பாருங்க."

"எங்கண்ணே பூசுறது? கலக்கினது தட்டுலயே காஞ்சு போகுது!"

"கொஞ்சம் கொஞ்சமா எடுங்க. மேல தண்ணி தெளிச்சுக்கிட்டே இருங்க. பிரஷ்ஷைக் காய விட்டுடாதீங்க."

"ஒரு பிரஷ் காஞ்சு ஆணி மாதிரி ஆயிடுச்சு. கழுவிக் கழுவிப் பார்த்துட்டேன், போக மாட்டேங்குது."

"எப்படிப் போகும்? அக்ரிலிக் ஒரு தடவை காஞ்சா பிளாஸ்டிக் மாதிரி. ஒரு நாள் தண்ணியில ஊறப் போட்டாலும் கரையாது. பிரஷ்ஷைத் தூக்கிப் போடுங்க. சட்டையில பட்டிருந்தா சட்டையையும் மறந்துடுங்க."

குனிந்து பார்த்தான். பட்டிருந்தது. மனைவி பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த சட்டை.

வெள்ளை சேர்த்தான்; காய்ந்ததும் கூடுதலாக வெளிறியிருந்தது. ஓரம் தெரியாமல் இருக்கட்டும் என்று சுற்றிலும் இழுத்துவிட, பொத்தான் உள்ளங்கையாகி, உள்ளங்கை சாப்பாட்டுத் தட்டாகிவிட்டது. சைக்கிளுக்கு ஒரு கைப்பிடி காணாமல் போனது. எரிச்சலில் பிரஷ்ஷை டீயில் முக்கிவிட்டு, பிரஷ் அலசிய தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தான்.

"பதினஞ்சு மாடி லிஃப்ட்டை ஒத்தை ஆளா இறக்குறவன்டா நான்! ஒரு கையகலச் சுவர் அடங்க மாட்டேங்குதே!" என்று படத்தைப் பார்த்துக் கத்தினான். அழுகை வராத குறைதான்.

மூன்றரைக்குக் கதவுப் பூட்டில் சாவி திரும்பியது. மனைவி உள்ளே வந்தாள். இவன் கையை விரித்துக்கொண்டு படத்தை மறைத்து நின்றான்.

"அக்கா கீழ வண்டியை நிறுத்திட்டு இருக்கா. நீங்க என்ன இந்த நேரத்துல வீட்டுல? கையெல்லாம் என்ன மஞ்சள்?"

இனி ஒளிக்க இடமில்லை. மெக்கானிக் நகர்ந்துகொண்டான்.

"ஈரத்துணியால துடைச்சுட்டேம்மா. கலர் வந்துடுச்சு. சரி பண்ணலாம்னு பார்த்தேன், மொத்தமா கெடுத்துட்டேன். உங்க அக்கா உன்கூடப் பேசாம போயிடுவாளோன்னு பயமா இருக்கு. திட்டணும்னா இப்பவே திட்டிடு."

அவள் திட்டவில்லை. முகம்தான் வெளுத்துப் போனது. கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்து, தட்டளவு மஞ்சளுக்கு நடுவில் சரியாக விரலை வைத்தாள்.

"முதல்ல வந்தது இந்த இடம்தானே? உள்ள ரெண்டு கீறல் இருந்துச்சா?"

"ஆமா! உனக்கு எப்படித் தெரியும்?"

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் அவன் காதருகே வந்து கிசுகிசுத்தாள்.

"நீங்க துடைச்சது அக்கா பூசின மஞ்சள் இல்லைங்க, அன்னிக்குச் சண்டையில நான் கீறிட்டு, பாப்பாவோட வாட்டர் கலர்ல பூசினது."