சுவரோரம் ஒரு இடம்

"அந்தப் படத்துல நீலச் சேலையே கிடையாதுக்கா. கடலும் கிடையாது. அண்ணாச்சி நல்லா அளக்குதாரு."

எதிர்வீட்டுச் சுடலைவடிவு இதைக் கட்டிலருகே வந்து சொல்லியிருந்தால்கூட விக்டோரியா பொறுத்திருப்பாள். வளவின் ஆறு வீட்டுக்கும் பொதுவான குழாயடியில் நின்று, குடத்தோடு காத்திருந்த அத்தனை பேரும் கேட்கும்படி ஜன்னல் வழியாகச் சொன்னாள். கணவரை அப்படிச் சொன்னது விக்டோரியாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

தூத்துக்குடியில் மாதா கோயில் படியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்துபோய், வைத்தியத்துக்காகத் தச்சநல்லூர் வந்து ஆறு மாதமாகிறது. பகலெல்லாம் வாடகை நூலகத்து நாவல்கள். கொலைகாரன் யாரென்று பாதியிலேயே கண்டுபிடித்துவிடுவாள். அதன்பிறகு அந்தப் புத்தகம் தலையணைக்கு அடியில் உயரம் கொடுக்கத்தான் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமைதான் சினிமா. பூசை முடிந்து வந்ததும் அவள் கணவர் அருளப்பன் அவள் காலுக்குத் தைலம் தேய்த்தபடியே, அந்த வாரம் ஜங்ஷன் தியேட்டரில் பார்த்த படத்தை முதலிலிருந்து கடைசிவரை சொல்லுவார். வசனம் ஒன்றும் பிசகாது. பாட்டு வந்தால் பாடியே காட்டுவார். அவர் வில்லன்போல் சிரித்தால் பக்கத்து வீட்டுத் தொட்டில் குழந்தை வீறிட்டு அழும். விக்டோரியா வலியை மறந்து மூன்று மணி நேரம் கிடப்பாள்.

"ஒரே தடவை பார்த்துட்டு வந்து இப்படிச் சொல்லுதாரே" என்று வளவு முழுக்கப் பீற்றி வைத்திருந்தாள். சும்மாவா? இருபது வருடம் தோணியை நடத்தும் தண்டலாக இருந்தவர். கடல்வழி முழுவதையும் தலைக்குள் வைத்திருந்த மனிதருக்கு ஒரு சினிமா எம்மாத்திரம்? அவளுக்காகத்தான் தோணியை விட்டுவிட்டு இங்கே வந்து, டவுனில் ஒரு பாத்திரக்கடையில் மேற்பார்வை பார்க்கிறார்.

சுடலைவடிவு விடவில்லை. வளவுக்கே கேட்கும்படி ஞாயிறன்று அவர் சொன்ன அதே படத்தை, திங்கட்கிழமை பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"அந்த அழுகுற காட்சில அவ மஞ்ச சுடிதார்தான் போட்டிருக்கா. தேயிலைத் தோட்டத்துல நிக்கா. அண்ணாச்சி படத்துக்குத்தான் போறாரா, படத்துக்குன்னு சொல்லிட்டு வேற எங்கயும் போறாரான்னு பார்த்துக்கிடுங்க."

குழாயடியில் யாரோ சிரித்தார்கள்.

விக்டோரியா அன்றைக்கு நாவலைத் தொடவில்லை. யோசித்துப் பார்த்தால், அவர் சொன்ன படங்களில் எல்லாம் கதாநாயகி நீலச் சேலைதான் கட்டுகிறாள். எல்லாப் படத்திலும் கடற்கரை வருகிறது. ஒருமுறை எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, "எனக்கு எப்பவும் சுவரோரம்தான் இடம்" என்று சொல்லிவிட்டுத் தைலப் புட்டியைத் தேடினார். இருபது வருடத்தில் அவரை அவள் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. இப்போது அந்தச் சிரிப்பு காதிலேயே நின்றது.

கம்பூன்றி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. புதன்கிழமை மதியம் சுடலைவடிவைக் கூட்டிக்கொண்டு, கணவரிடம் சொல்லாமலே ஜங்ஷன் தியேட்டருக்கு ஆட்டோ ஏறிவிட்டாள்.

"நீலச் சேலை இருந்தா அதே குழாயடியில நின்னு நீயே சொல்லணும். இல்லன்னா..."

இடைவேளைவரை சேலையே வரவில்லை. அந்தக் காட்சி இனிமேல்தான் என்று சுடலைவடிவு முறுக்கைக் கடித்தாள். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு கல்லாகிப்போனதால், விக்டோரியா கம்பை ஊன்றிக்கொண்டு பைய வெளியே வந்தாள். மணி அடித்துக் கூட்டம் உள்ளே போனது. காலின் பிடிப்பு விடட்டும் என்று கட்டடத்தின் பக்கவாட்டில் நாலு எட்டு நடந்தாள்.

அங்கே சைக்கிள் ஸ்டாண்டு. நூறு சைக்கிளுக்கு நடுவே ஒரு முக்காலியில், காக்கிச் சட்டையும் கையில் டோக்கன் கட்டுமாக, தியேட்டர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார் அருளப்பன்.

கூப்பிட வாயெடுத்தாள். சைக்கிள்களை ஒதுக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் உதட்டில் விரல் வைத்தார்.

"பைய வாங்கம்மா. தண்டல் படம் பார்க்குதாரு."

"கண்ணை மூடிக்கிட்டா?"

"சைக்கிள விட்டுட்டு உள்ள போக முடியாதுல்லா. ஆறு மாசமா தினம் ரெண்டு காட்சி, இந்தச் சுவத்துல காதை வச்சேதான். உள்ள ஒரு படம் பார்த்ததில்ல. முடியாம கிடக்க சம்சாரத்துக்குப் போயி சொல்லணுமாம்."

சுவருக்கு அந்தப் பக்கம் கதாநாயகி பேசினாள். இந்தப் பக்கம் அருளப்பனின் உதடுகள் அதே வசனத்தைச் சத்தமில்லாமல் சொல்லின. விக்டோரியாவுக்குக் கோபம் வரவில்லை. பாத்திரக்கடையைப் பற்றி அவராகச் சொல்லும்வரை கேட்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்தாள். இப்பேர்ப்பட்ட மனிதருக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று நெஞ்சு நிறைந்து, வந்த சுவடு தெரியாமல் திரும்பி உள்ளே போய் உட்கார்ந்தாள்.

அந்தக் காட்சி வந்தது. சுடலைவடிவு அவள் தோளை இடித்தாள்.

"பாருங்கக்கா. மஞ்ச சுடிதார், தேயிலைத் தோட்டம். இப்ப என்ன சொல்லுதீங்க?"

விக்டோரியா கண்ணை மூடிக்கொண்டு, காதை மட்டும் தீட்டிக் கேட்டாள். பிறகு தலையை நிமிர்த்திச் சொன்னாள்.

"நீலச் சேலைதாம்ட்டி. கடற்கரைதான். கல்யாணமான புதுசுல அவரு தோணி மொதல்ல கொழும்புக்குக் கிளம்பின அன்னைக்கு, அந்தச் சேலையோட அங்கன அழுதுக்கிட்டு நின்னது நான்தான்."